ராமாத்தாள் உடைத்த சாமி

கம்பிப்பால ரப்பர் தோட்டத்தில் ராமாத்தாள் வாய் திறந்தால் கடைசி லயத்து வீட்டில் தூங்குகிற கைக்குழந்தை எழுந்து உட்காரும். அவள் கத்துகிறவள் இல்லை. சின்னக் குரல் என்ற ஒன்றை அவளுக்கு வைத்துப் படைக்கவில்லை, அவ்வளவுதான். ரகசியம் சொல்லும்போது மட்டும் வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். சத்தம் அதே சத்தம்தான். கை மட்டும் கூடுதல்.

அவள் புருஷன் தம்புசாமி நேர்மாறு. "சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டால், எதிரில் இருப்பவன் காதைக் கொண்டுபோய் அவர் வாயில் வைக்க வேண்டும். ஆதியில் அவர் அப்படி இல்லையாம். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடுவதற்குச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் பலர் வரவே இல்லை. இவர் வந்தார். குரலை அங்கேயே விட்டுவிட்டு, எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலம் முழுக்க ராமாத்தாள் காலையில் மரம் சீவினாள், பால் எடுத்தாள், மத்தியானம் வாசலில் உட்கார்ந்து பாதையைப் பார்த்தாள். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மகள் பாக்கியலட்சுமியைச் சுங்கை ரம்பாயில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டு பேரும், பின்னால் ஆட்டுக்கொட்டாயும்தான். ராமாத்தாள் புருஷனைத் திட்டுவாள், தம்புசாமி ஆடுகளிடம் முறையிடுவார், ஆடுகள் கத்தும். குடும்பம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கப் போட்ட எமர்ஜென்சி. தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி. காலையில் கேட்டில் சோதனை போடாமல் மரத்துக்குப் போக முடியாது. சோற்றுப் பொட்டலத்தை மரத்தடிக்கு எடுத்துப் போகக்கூடாது, காட்டிலிருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் சுங்கை ரம்பாய் ரோட்டில் யாரோ ஒரு லாரி மேல் கைக்குண்டு வீசியிருந்தார்கள். பட்டாசு என்ற சொல்லைக்கூட யாரும் வாயில் எடுக்காத நேரம்.

அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு மத்தியானம், மேகமே இல்லாத வானத்தில் இடி இடித்தது.

ஓர் இடி இல்லை, அடுக்கடுக்காக. தகரக் கூரைகள் ஆடின. தம்புசாமி கொட்டாயில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் 'தொப்'பென்று ஏதோ விழுந்தது. மண் அவர் முதுகெல்லாம் தெறித்தது. அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். சயாமில் கற்றுக்கொண்ட வித்தை. ராமாத்தாள் ஓடிவந்து பார்த்தபோது தரையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்குள் கரிச்சட்டி நிறத்தில் ஒரு கல்.

உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். தூக்கினால் குழவிக்கல் கனம். நெருப்பாகச் சுடும் என்று பயந்து முந்தானையால் பிடித்தாள். கல்லில் சூடே இல்லை.

"சாமிடி!" என்றாள் பக்கத்து வீட்டு மீனம்மா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெகு வேகம். எங்கள் தோட்டத்தில் சம்பளத் தகராறு என்றால் மூன்று கூட்டம் போட்டும் முடிவு வராது. சாமி என்றால் அரை மணி நேரம் போதும். கல்லைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். பால், தயிர், அப்புறம் தாராளமாக நல்லெண்ணெய். பொட்டு வைத்து, செம்பருத்தி மாலை போட்டு, கொட்டாய்க்குப் பக்கத்தில் வேலியோரமாக உட்கார வைத்து, 'வானத்து முனி' என்று பேரும் வைத்தாகிவிட்டது. சாமி வந்திறங்கிய இடம் அப்படியே திறந்து கிடக்கலாமா? குழியை மண்போட்டு மூடி, சாணி மெழுகி, மாக்கோலமும் போட்டுவிட்டார்கள்.

எங்களை வேலை வாங்குகிற மண்டோர் முனியாண்டி கற்பூரம் காட்டினார். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். அவர் குரல் அடிவயிற்றிலிருந்து, தொண்டையைக் கொஞ்சம் கனைத்து, நிறுத்தி நிறுத்தி வரும். "இந்தா பாருங்க... ம்க்கும்... போலீசு வந்தா, யாரும் எதுவும் கேக்கல. சத்தமும் இல்ல, கல்லும் இல்ல. தெரிஞ்சா சாமிய எடுத்துக்கிட்டுப் போயிருவானுங்க. ம்க்கும். வெளங்குதா?"

வெளங்கியது. அங்கேதான் கெட்டது.

சாயங்காலத்துக்குள் இன்ஸ்பெக்டர் யூசோப் ஜீப்பில் வந்து இறங்கினார். சத்தம் பக்கத்து ஊர் மெர்லிமாவ் முழுக்கக் கேட்டிருக்கிறது. புகைக்கோடு எங்கள் தோட்டப் பக்கம் இறங்கியதைக் காவலுக்கு நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் மலாயில் கேட்கக் கேட்க, ஒவ்வொருவராகச் சொன்னோம்: "தாக் தாஹு, துவான். தெரியாதுங்க ஐயா." இடி கேட்டதா? இல்லை. புகை? இல்லை. இடியில் ஆடிய தகரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்திருக்கும்; எங்களுக்கு மட்டும் காது செவிடு, கண்ணும் குருடு.

அவர் சுற்றிப் பார்த்தார். புதிதாக மூடிய குழி. மேலே ஈரம் காயாத சாணி. பக்கத்தில், முதுகெல்லாம் மண்ணோடு, நடுங்கிக்கொண்டு தம்புசாமி.

"இங்கே என்ன புதைத்தாய்?"

தம்புசாமி வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் மண்டோர் சொல்லச் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார். ஜீப்பில் ஏற்றினார்கள்.

போலீஸ்காரர்கள், பக்கத்தில் மாலையோடு இருந்த சாமியைக் கண்டுகொள்ளாமல், அன்றைக்கே குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. இருந்ததை எங்கே கொண்டு போனார்கள்? தம்புசாமியை மலாக்காவுக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். எமர்ஜென்சிச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே வைத்திருக்கலாம். சில பேரை வைத்திருந்து, அப்படியே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியும் இருந்தார்கள். தம்புசாமி பிறந்தது இங்கே. இந்தியாவைக் காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி.

மறுநாளே ராமாத்தாள் மரம் சீவுவதை விட்டுவிட்டு மலாக்காவுக்குப் பஸ் ஏறினாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த சந்தைக்கடை மலாயில் உண்மையைக் கொட்டினாள். வானத்திலிருந்து கல் விழுந்தது, துவான். சாமி என்று வைத்திருக்கிறோம், துவான்.

யூசோப் பொறுமையான மனிதர். "நேற்று ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றாய். இன்றைக்கு வானத்திலிருந்து கல் விழுந்தது என்கிறாய். நாளைக்கு என்ன விழும்?"

என்றாலும் ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். போன ஆள் திரும்பி வந்து சொன்னது: "பழைய கோயில் கல், துவான். எண்ணெய் ஊறிப் பளபளக்கிறது. பல வருஷமாகக் கும்பிடுகிற கல்." எங்கள் ஆட்கள் ஊற்றிய எண்ணெய் அப்படி. நேற்று வந்த சாமியைத் தாத்தா காலத்துச் சாமி ஆக்கிவிட்டோம்.

ராமாத்தாள் தினமும் மலாக்காவுக்குப் போய்த் திரும்பினாள். மெர்லிமாவில் பஸ் மாறும்போது இப்ராஹிம் பாய் கடையில் ஒரு தேத்தண்ணீர். பாய் கடையில் சாமானும் உண்டு, தேத்தண்ணீரும் உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் பேப்பர் வாசிப்பு உண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பள்ளிவாசலில் ஓதுகிற ராகத்தில் வாசிப்பார்.

ஒருநாள் இப்படி வாசித்தார்: "மூவாருக்கும் மலாக்காவுக்கும் நடுவே பட்டப்பகலில் ஆகாயத்தில் தீப்பந்து. பார்த்தவர்கள், கல் ஏதும் கண்டெடுத்தவர்கள், சிங்கப்பூரில் பௌதிகம் கற்பிக்கும் விரிவுரையாளர் குலசிங்கத்துக்குத் தெரிவிக்கவும்... அட, தீப்பந்தாம்! நம்ம பக்கம்தான் போயிருக்குலா."

ராமாத்தாள் கிளாசைக் கீழே வைத்தாள். "பாய், அது போகல. எங்க வீட்டு ஆட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி ஒக்காந்திருக்கு. அதாலதான் என் வூட்டுக்காரர் உள்ள ஒக்காந்திருக்காரு."

கடையே திரும்பிப் பார்த்தது. தெருவே திரும்பிப் பார்த்தது என்றும் சொல்லலாம். பாய் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "தங்கச்சி, மெதுவா, மெதுவா. மொதல்ல ஒக்காரு. இப்பவே அவருக்குத் தந்தி அடிச்சிருவோம்."

குலசிங்கம் ஒரு சின்னக் காரில் வந்தார். ஒல்லியான யாழ்ப்பாணத்துக்காரர். வழியில் மலாக்காவில் இறங்கி, இன்ஸ்பெக்டர் யூசோப்பையும் பேசிக் கரைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தோட்டமே வேலியோரம் கூடி நின்றது. கல்லைக் கண்டதும் விரிவுரையாளர் முதலில் சப்பாத்தைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம்தான் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார்.

"டக்." காந்தம் சாமியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியளோ!" என்று இன்ஸ்பெக்டரிடம் திரும்பியவர், விரலில் பிசுபிசுத்ததை முகர்ந்து பார்த்து முகம் சுருங்கினார். "அம்மா, இதுக்கு மேல எண்ணெய் ஊத்தினனீங்களோ?"

"ஊத்துனோம் சார். நல்லெண்ணெய்தான்."

"பாலும்?"

"பாலு, தயிரு, மஞ்சா."

"என்ர கடவுளே." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆகாயத்திலயிருந்து வந்ததைச் சாம்பாராக்கிப் போட்டியளே அம்மா."

யூசோப் அசையவில்லை. இந்த மண்ணே சிவப்பு மண், இரும்பு மண். காந்தம் ஒட்டினால் என்ன, என்றார். இவர்கள் ஒரு தடவை பொய் சொன்னவர்கள். வெளியிலிருந்து பார்த்து நம்ப முடியாது.

"அது சரி," என்றார் குலசிங்கம். "வெளியில பாத்தா ஆரும் நம்பமாட்டினம். உள்ளுக்குப் பாக்க வேணும். ஒரு மூலையை மட்டும் உடைச்சால் போதும்."

குலசிங்கம் காரிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்து வந்ததும் கூட்டம் முணுமுணுத்தது. சாமியை உடைப்பதா? உடைந்த சாமி மூளி. மூளியைக் கும்பிடக் கூடாது. ஆற்றில் விட வேண்டும். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

மண்டோர் முனியாண்டி கனைத்தார். "அதெல்லாம்... ம்க்கும்... நாம முடிவு பண்ணக் கூடாது. பூக் கட்டிப் பாப்போம்." வெள்ளைப் பூ ஒரு வெற்றிலையில், சிவப்புப் பூ ஒரு வெற்றிலையில், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. கண்ணை மூடி, உதட்டை முணுமுணுத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"முடிஞ்சிச்சி," என்றார் மண்டோர். துக்கப்பட்டவர் மாதிரிதான் சொன்னார். ஆனால் அவர் குரலில் எப்போதுமே ஒரு திருப்தி இருக்கும். அதை அவரால் மறைக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஜீப் பக்கம் திரும்பினார். அவர் போய்விட்டால் இன்னொரு தடவை வரமாட்டார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

ராமாத்தாள் சாமிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏய்யா, ஒன்ன யாராச்சும் கூப்புட்டமா?" என்றாள். "நீயா வந்த. வந்தவனக் குளிப்பாட்டி, மஞ்சா பூசி, மால போட்டோம். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரனத் தூக்கி உள்ள வச்சா, அது என்னா நியாயம்? ஒரு தடவ சயாமுக்கு அனுப்பிட்டு நான் வாசலப் பாத்து ஒக்காந்திருந்தேனே, அது போதாதா? இப்பக் கப்பல்ல ஏத்தி நாகப்பட்டணத்துல எறக்கி விட்டா, அங்க அவருக்கு யாரு இருக்கா? அவரு தண்ணி கேட்டாக்கூட யாருக்குக் காதுல விழும்? அவரு பேசுறது எனக்கு மட்டுந்தான்யா கேக்கும்."

ஜீப் பக்கம் போன யூசோப்கூட நின்றுவிட்டார். தமிழ் தெரியாதவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

"மூளியாயிட்டா எவனும் கும்புட மாட்டான்னு பயப்படுறியா? நான் கும்புடுறேன். நான் சாகுறவரைக்கும் ஒனக்கு எண்ண ஊத்துறேன். சார், அந்தச் சுத்தியக் குடுங்க."

"ராமாத்தா!" என்றார் மண்டோர்.

"நீங்க செவப்ப எடுத்தீங்க மண்டோர், சரி. சத்தம் கேக்கலன்னு சொல்லச் சொன்னதும் நீங்கதான். ரெண்டுல ஒண்ணுகூட ஒங்க வீட்டு ஆள உள்ள அனுப்பல. தள்ளி நில்லுங்க, கல்லு தெறிக்கும்."

மண்டோர் தள்ளி நின்றார். கனைக்கக்கூட மறந்துவிட்டார்.

முதல் அடிக்குக் கல் அசையவில்லை. "கோவிச்சுக்காத," என்று சொல்லிவிட்டு இரண்டாவது அடி போட்டாள். ஒரு மூலை பெயர்ந்து பறந்து மண்டோர் காலடியில் விழுந்தது. மண்டோர் எங்கள் தோட்டத்தில் யாரும் எதிர்பார்க்காத உயரத்துக்குக் குதித்தார்.

உள்ளே சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் முழுக்க, ஊசிமுனைகளை அள்ளித் தூவிய மாதிரி, வெள்ளிப் பொடி மின்னியது. விளிம்பில் மட்டும் தோசைக் கருகல் போல மெல்லிய கறுப்புத் தோல்.

குலசிங்கம் பூதக்கண்ணாடியை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். ஆங்கிலத்தில் படபடவென்று பேசினார். கறுப்புத் தோல், வேகமாக வந்து காற்றில் உரசி வெந்தது. வெந்த நேரம் கொஞ்சம்தான், அதனால்தான் உள்ளே வேகவில்லை. அந்த மின்னுவது இன்னும் துருப்பிடிக்காத இரும்பு. மலாயா மழையில் பல வருஷம் கிடந்த கல்லென்றால் அந்த இரும்பு இப்படியா மின்னும்? எப்போதோ செத்துச் சிவந்திருக்கும்.

யூசோப் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். குழி இருந்த இடத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் ராமாத்தாளிடம் மலாயில் கேட்டார்: "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"சாமியத் தூக்கிக்கிட்டுப் போயிருவீங்கன்னு பயம், துவான்."

"பொய் சொன்னால் புருஷனைத் தூக்கிக்கொண்டு போவோம் என்று பயம் வரவில்லையா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. மீனம்மா ஒப்பாரி வைக்கத் தயாராக முடிந்து வைத்திருந்த முந்தானையை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு வருவான்," என்றார் யூசோப், ஜீப்பில் ஏறும்போது.

குலசிங்கம் உடனே போகவில்லை. உடைந்த மூலையைக் கைக்குட்டையில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் பிடிப்பது போல மடியில் வைத்துக்கொண்டு, ராமாத்தாள் வீட்டுப் பலகையில் உட்கார்ந்து கோப்பி குடித்தார்.

"இது என்னா சார், எவ்வளவு காலத்துக் கல்லு?"

"அதைத்தான் அமெரிக்காவில இப்ப கணக்குப் பாத்துக்கொண்டிருக்கினம். இதுகளும் பூமியும் ஒரே காலத்தில பிறந்ததுகள், அதால இப்படியான கல்லுகளுக்க இருக்கிற ஈயத்தை அளந்தால் பூமியின்ர வயசே தெரியவருமாம். கோடிக்கணக்கான வருசம். எத்தினை கோடி எண்டுதான் இன்னும் சண்டை."

"நீங்க என்னா அளப்பீங்க?"

"நான் வேற. ஆகாயத்தில கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் எந்த நேரமும் பறந்துகொண்டிருக்குது. காஸ்மிக் கதிர் எண்டு சொல்லுறது. எங்கயிருந்து வருகுது எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. இந்தக் கல்லு வெளியில திரிஞ்ச காலமெல்லாம் அது பட்டுப் பட்டு, உள்ளுக்க ஒருவித வாயு துளித் துளியாச் சேந்திருக்கும். அந்த வாயுவை அளந்தால் கல்லு எவ்வளவு காலம் தனியத் திரிஞ்சது எண்டு சொல்லலாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அம்மா, முழுக் கல்லையும் தருவியளோ?"

"மூலை ஒங்களுக்கு. மீதி எனக்கு. சாமிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

அவர் கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில், "எண்ணெயை மட்டுமாவது கொஞ்சம் குறைச்சு ஊத்துங்கோ," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

தம்புசாமி மறுநாள் மத்தியானம் வந்தார். மெர்லிமாவில் பஸ் இறங்கும்போதே இப்ராஹிம் பாய் பிடித்துக்கொண்டு, ரொட்டியும் தேத்தண்ணீரும் கொடுத்து, தன் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் பாய்தான் பேசியிருக்கிறார். "நல்லாருக்கியான்னு கேட்டேன். உதடு ஆடிச்சு. நல்லாருக்கேன்னுதான் சொல்லியிருப்பாருன்னு வச்சுக்கிட்டேன்."

லயத்து ஆட்களெல்லாம் வாசலில் நின்றார்கள். ராமாத்தாள் வெளியே வரவில்லை. அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் உள்ளே போனதும் அதுவும் நின்றது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஓர் அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. யாரோ விசும்புகிற மாதிரி இருந்தது. அதற்குள் மீனம்மா, "என்னா வேடிக்க? போங்க, போங்க," என்று எல்லாரையும் விரட்டினாள். விரட்டிவிட்டு அவள் மட்டும் நின்றாள். நாங்களும் ரொம்ப தூரம் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் பின்பக்கம் வந்தார்கள். தம்புசாமி குளித்து, வேறு சாரம் கட்டியிருந்தார். இளைத்திருந்தார். ஆடுகள் வந்து அவர் காலை முட்டின.

மண்டோர் முனியாண்டி அங்கே காத்திருந்தார். "வா தம்பு. ம்க்கும். வந்துட்ட, சந்தோசம். இந்தக் கல்லு மூளியாயிருச்சி. வெள்ளிக்கெழம ஆத்துல விட்டுறலாம்னு..."

"விட்டுக்குங்க," என்றாள் ராமாத்தாள். "அதுக்கு முந்தி என்னைய ஆத்துல விடுங்க."

மண்டோர் அந்தப் பேச்சை அதோடு விட்டார். சொல்லப்போனால் அடுத்த மாதம் அவர் மச்சானுக்கு ஏதோ போலீஸ் தொல்லை வந்தபோது, மூளிச் சாமிக்கு முதல் தேங்காய் உடைத்ததே அவர்தான். லாக்கப்பிலிருந்து ஆளை எடுக்கிற சாமி என்று அதற்குள் சுங்கை ரம்பாய் வரைக்கும் பேர் போயிருந்தது.

ஆனால் அன்றைக்கு அங்கே தேங்காயும் இல்லை, கூட்டமும் இல்லை. தம்புசாமி கல்லுக்கு முன்னால் குந்தி, உடைந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வெயில் பட்டு அந்தப் பொடியெல்லாம் மின்னியது.

"நீயா ஒடச்ச?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா?"

"வயசான கல்லாம்ல. பாய் சொன்னாரு."

"பூமி பொறக்கும்போதே பொறந்ததாம். சிங்கப்பூர்க்காரரு சொன்னாரு. அப்பலேருந்து ஆகாசத்துல தனியாத் திரிஞ்சிக்கிட்டு இருந்திச்சாம்."

தம்புசாமி யோசித்தார். அப்புறம் ஏதோ சொன்னார். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. ராமாத்தாள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "என்னாடி சொன்னாரு, எங்களுக்கும் சொல்லேன்," என்று மீனம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சினாள்.

ராமாத்தாள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். மொத்தத் தோட்டத்துக்கும் கேட்டது.

"அத்தன கோடி வருசம் சும்மாத் திரிஞ்சிட்டு, நான் ஆட்டுக்குத் தழ போடுற நேரம் பாத்துத்தான் எறங்கணுமான்னு கேக்குறாரு!"